தாளம் தப்பினால் அடி விழாது

பதினான்கு மாதக் குழந்தைக்கு உபகாரம் என்றால் என்னவென்று தெரியாது. எதிரே நிற்பவர் கையிலிருந்து ஒரு பொருள் நழுவி விழுந்தால் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று அதற்கு யாரும் பாடம் நடத்தியிருக்கவும் மாட்டார்கள். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் லாரா சிரெல்லி, லாரல் டிரெய்னர் ஆகியோர் இந்த வயதுக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒருவர் குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, பாட்டின் தாளத்துக்கு ஏற்ப மேலும் கீழுமாகக் குதிப்பார். எதிரே ஆராய்ச்சியாளர் ஒருவரும் குதிப்பார். சில குழந்தைகள் பார்க்கும்போது அவர் அதே தாளத்தில் குதிப்பார். மற்றக் குழந்தைகள் பார்க்கும்போது வேண்டுமென்றே வேறு வேகத்தில் குதிப்பார். பிறகு அந்த ஆராய்ச்சியாளர் துணி உலர்த்தும் கிளிப்பைக் கைதவறிக் கீழே விட்டுவிட்டு, எட்டவில்லை என்பதுபோல் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். தன்னோடு ஒத்துக் குதித்தவருக்குக் குழந்தைகள் அதிகமாக எடுத்துக் கொடுத்தன. ஒத்துக் குதிக்காதவருக்கு அத்தனை அக்கறை காட்டவில்லை. முடிவுகள் 2014இல் வெளியாயின.

பேச்சு வராத, கணக்குத் தெரியாத, கடன்பட்ட உணர்வு இல்லாத ஒரு உயிருக்குள், ‘இவர் என்னோடு சேர்ந்து அசைந்தவர்’ என்ற ஒரே காரணத்துக்காக இளக்கம் பிறக்கிறது. மனிதர்களுக்குள் நம்பிக்கை எங்கிருந்து தொடங்குகிறது என்று கேட்டால், வாக்குறுதிக்கும் ஒப்பந்தத்துக்கும் வெகுமுன்பே தாளத்திலிருந்து என்று பதில் சொல்லத் தோன்றுகிறது. இதை அப்படியே எடுத்துக்கொண்டு, யாரும் யாரையும் நம்பாத ஓர் இடத்துக்குப் போனால் என்ன ஆகும்? சிறைக்குள் இசை சிகிச்சை நடத்துகிறவர்கள் செய்வது ஏறக்குறைய அதுதான்.

ஒரு நிமிடம். சேர்ந்து அசைவதுதான் மருந்து என்றால் சிறையைவிட ஆரோக்கியமான இடம் பூமியில் இருக்க முடியாது. அங்கே எல்லோரும் ஒரே மணிக்கு எழுகிறார்கள், ஒரே வரிசையில் தட்டை நீட்டுகிறார்கள், ஒரே நேரத்தில் எண்ணப்பட்டு ஒரே நேரத்தில் பூட்டப்படுகிறார்கள். அப்படியும் சிறைவாசிகளின் மனநிலை எப்படி இருக்கிறது? சீனா ஃபாசெல், கத்தரீனா சீவால்ட் இருவரும் 24 நாடுகளில் 33,588 சிறைவாசிகளிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். ஆண்களில் 10 சதவீதம் பேருக்கும் பெண்களில் 14 சதவீதம் பேருக்கும் தீவிர மனச்சோர்வு இருந்தது. மணியடித்தால் எழுவது ஒத்திசைவு ஆகாது. மணிக்கு எல்லோரும் கட்டுப்படுகிறார்கள், மணி யாருக்கும் கட்டுப்படுவதில்லை. பக்கத்தில் நிற்பவன் தாமதித்தால் நான் அவனுக்காகச் சற்று மெதுவாகப் போவேன் என்பது அந்த ஏற்பாட்டில் கிடையாது.

இசையில் நடப்பது வேறு. டென்மார்க்கில் இவானா கொன்வாலிங்கா தலைமையில் 2010இல் வெளியான ஓர் ஆய்வு இதை அழகாகப் பிடித்துக் காட்டியது. இருவரைத் தனித்தனியே உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சீராக விரலைத் தட்டச் சொன்னார்கள். ஒருவர் தட்டுவது மற்றவர் காதில் கேட்கும். இருவரில் ஒருவர் முன்னால் போக மற்றவர் பின்தொடர்வார், யார் தலைவர் என்று பார்க்கலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். தலைவர் யாரும் உருவாகவில்லை. ஒவ்வொரு தட்டுக்குப் பிறகும் இவர் அவருக்காகத் தன்னைத் திருத்திக்கொண்டார், அவர் இவருக்காகத் திருத்திக்கொண்டார். இருவருமே பின்தொடர்பவர்கள். அப்படியிருந்தும் தாளம் நின்றது.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. ஒரு சத்தத்தைக் கேட்டபிறகு கையை அசைக்க நமக்கு நொடியில் ஏழில் ஒரு பங்காவது ஆகும். ஆனால் தாளம் போடும்போது கை பிந்தி விழுவதில்லை. பெரும்பாலும் அடிக்குச் சில பத்து மில்லிநொடிகள் முந்தியே விழுகிறது. சபாவில் முன்வரிசைத் தாத்தா தொடையில் தட்டுவதைக் கவனித்தால் தெரியும். மிருதங்கத்தைக் கேட்டுவிட்டுத் தட்டுவதாக இருந்தால் அவர் எப்போதும் பிந்தித்தான் தட்டுவார். அவர் அடுத்த அடி எங்கே விழும் என்று முன்கூட்டியே அறிந்து கையை இறக்குகிறார். தாளம் போடுவது எதிர்வினையே இல்லை, முன்கணிப்பு.

சிறைவாசியும் நாள் முழுதும் முன்கணிப்பில்தான் இருக்கிறான். எதிரே வருபவன் தோளை இடிப்பானா, வார்டனின் முகம் இன்று எப்படி இருக்கிறது, அந்த மூலையில் மூன்று பேர் ஏன் பேச்சை நிறுத்தினார்கள் என்று மூளை ஓயாமல் அடுத்த கணத்தைக் கணக்கிட்டுக்கொண்டே இருக்கும். அது ஆபத்தை எதிர்பார்க்கும் கணக்கு, அதற்குப் பெயர் பதற்றம். அடுத்தவன் அடுத்து என்ன செய்வான் என்று ஊகிக்கும் அதே திறமையை, ஊகம் தவறினாலும் அடி விழாத ஒரு விளையாட்டுக்குக் கொண்டுவருவதுதான் வட்டமாக உட்கார்ந்து கொட்டு அடிப்பதன் சூட்சுமம் என்று எனக்குப் படுகிறது.

இனி சீனாவுக்குப் போவோம். அங்கே ஒரு சிறையில் சியிஜிங் சென் என்ற இசை சிகிச்சையாளர், நீல்ஸ் ஹன்னிபல், கிறிஸ்டியன் கோல்ட் ஆகியோருடன் சேர்ந்து ஒரு சோதனை நடத்தினார். 200 ஆண் கைதிகள். குலுக்கல் முறையில் 100 பேர் இசைக் குழுவுக்கும், மற்ற 100 பேர் வழக்கமான சிறைக் கவனிப்புக்கும் பிரிக்கப்பட்டார்கள். இசைக் குழுவினருக்கு 20 அமர்வுகள். தொடங்குமுன் ஒரு முறை, நடுவில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை என்று பதற்றம், மனச்சோர்வு, தன்மதிப்பு மூன்றையும் உலகெங்கும் பயன்படும் வினாத்தாள்களைக் கொண்டு அளந்தார்கள்.

குலுக்கல் ஏன் என்று கேட்கலாம். இசை மனதுக்கு நல்லது என்பது ஊரறிந்த விஷயம்தானே? ஊரறிந்த விஷயங்களைத்தான் சோதிக்க வேண்டியிருக்கிறது. விருப்பப்பட்டு இசை வகுப்புக்கு வருபவர்கள் ஏற்கெனவே மனம் தேறத் தொடங்கியவர்களாக இருக்கலாம். அவர்களை வராதவர்களோடு ஒப்பிட்டால், இசை செய்த வேலை எது, அவர்கள் சுபாவம் செய்த வேலை எது என்று பிரிக்க முடியாது. குலுக்கல்தான் அந்தச் சிக்கலை அவிழ்க்கும்.

அமர்வுகளில் மூன்று வகை வேலை நடந்தது. இசையைக் கேட்டு மனதில் எழும் காட்சிகளைப் பின்தொடர்வது ஒன்று. சேர்ந்து பாட்டு எழுதுவது இன்னொன்று. மூன்றாவது, முன்தயாரிப்பு இல்லாமல் கையில் கிடைத்த வாத்தியத்தை எல்லோரும் சேர்ந்து வாசிப்பது. இந்த மூன்றாவதைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். இசை சிகிச்சையில் இதற்கு ராகமும் தேவையில்லை, பயிற்சியும் தேவையில்லை. ஒருவர் மேளத்தில் ஒரு அடியைத் தொடங்குவார், அடுத்தவர் அதோடு சேர்வார் அல்லது எதிராக அடிப்பார். சிகிச்சையாளர் பக்கவாத்தியக்காரரைப் போல அதைத் தாங்கிப் பிடிப்பார். யாராவது கோபத்தில் ஓங்கி அடித்தால் தானும் சேர்ந்து ஓங்கி அடிப்பார், பிறகு மெல்ல வேகத்தைக் குறைப்பார், அடிப்பவரின் கையும் தன்னையறியாமல் தணியும். தப்பான சுரம் என்று ஒன்று அங்கே கிடையாது. எல்லாத் தவறுக்கும் தண்டனை எழுதிவைத்திருக்கும் ஒரு வளாகத்தில், தவறே இல்லாத ஒரு மணி நேரம் என்பது லேசான விஷயம் அல்ல.

சோதனையின் முடிவு தெளிவாகவே இருந்தது. பாதி வழியிலேயே இசைக் குழுவினரின் பதற்றமும் மனச்சோர்வும் மற்றக் குழுவை ஒப்பிட்டால் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தன. முடிவிலும் அப்படியே. தன்மதிப்பும் உயர்ந்தது. என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்த முடிவுக்குள் ஒளிந்திருந்த வேறொரு செய்தி. பதற்றம் குறைந்ததில் அதிகப் பலன் கண்டவர்கள் யார் என்று பார்த்தால், இளைஞர்களும் பள்ளிப்படிப்புக் குறைந்தவர்களும்.

மனநல சிகிச்சை பெரும்பாலும் பேச்சை நம்பியது. என்ன நடந்தது, அப்போது என்ன நினைத்தீர்கள், அந்த நினைப்பு சரியா என்று கேள்விகள் வரும். பதில் சொல்ல வார்த்தை வேண்டும், மனதைத் தள்ளிவைத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். படித்தவர்களுக்கு இது ஓரளவு கைவரும். எட்டாம் வகுப்போடு நின்று, வாழ்க்கையில் விசாரணை அறையில் மட்டுமே ‘உள்ளதைச் சொல்’ என்று கேட்கப்பட்ட ஓர் இளைஞனுக்கு, ‘மனதில் உள்ளதைச் சொல்லுங்கள்’ என்ற அன்பான குரலும் விசாரணையாகத்தான் கேட்கும். மேளம் எந்தக் கேள்வியும் கேட்பதில்லை. சொல்லிலிருந்து தொடங்காமல் கையிலிருந்து தொடங்குகிறது. சொல் தேவைப்படும் கட்டத்தில் பாட்டு எழுதுவது வருகிறது. அங்கேயும் ‘நான்’ என்று சொல்லாமல் பாட்டில் வரும் ஒருவனாகத் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளலாம்.

உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதற்கும் ஓரளவு தடயங்கள் உண்டு. மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று வேகமெடுக்கும், விடும்போது தணியும். பாடுவது என்பதே நீளமாக மூச்சை விடுவதுதான். சுவீடனின் கோத்தன்பர்கில் பியோர்ன் விக்ஹாஃப் குழுவினர், சேர்ந்து பாடும் இளைஞர்களின் இதயத் துடிப்பை அளந்து 2013இல் வெளியிட்டார்கள். ஒரே பாட்டைப் பாடியதால் மூச்சு ஒன்றானது, மூச்சு ஒன்றானதால் இதயங்களின் ஏற்ற இறக்கமும் ஒன்றோடொன்று ஒத்துப்போனது. ஒரு கூட்டத்தின் இதயங்கள் சேர்ந்து தணிகின்றன, சேர்ந்து எழுகின்றன. ‘உள்ளம் ஒன்றுபடுவது’ என்று மேடையில் சொல்வதெல்லாம் உயர்வு நவிற்சி என்றுதான் நினைத்திருந்தோம்.

ஆக்ஸ்ஃபோர்டின் ராபின் டன்பார் குழுவினர் வேறொரு பக்கத்திலிருந்து வந்தார்கள். மூளை சுரக்கும் வலிநீக்கியான எண்டார்ஃபினை மூளைக்குள் நேரடியாக அளப்பது கடினம். இரத்தத்தில் தேடினாலும் பயன் குறைவு, ஏனென்றால் மூளைக்கும் இரத்தத்துக்கும் இடையே உள்ள தடுப்பை அது எளிதில் கடப்பதில்லை. எனவே குறுக்குவழி ஒன்றைப் பிடித்தார்கள். இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றிக் காற்றடிக்க வேண்டியது, வலிக்கிறது என்று சொல்லும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டியது. வலியைத் தாங்கும் எல்லை உயர்ந்தால் எண்டார்ஃபின் சுரந்திருக்கிறது என்று கொள்ளலாம். லண்டனில் ஒரு சேர்ந்திசைக் குழுவிடம் இதைச் செய்து பார்த்தபோது, பாடியபின் அந்த எல்லை உயர்ந்தது. சிறு குழுவாகப் பாடியபோது மட்டுமல்ல, முன்பின் அறியாதவர்களும் கலந்த 232 பேர் கூட்டமாகப் பாடியபோதும் உயர்ந்தது. இதே வட்டத்தைச் சேர்ந்த எய்லுனெட் பியர்ஸ் இங்கிலாந்தில் புதிதாகத் தொடங்கிய வயதுவந்தோர் கல்வி வகுப்புகளை ஏழு மாதம் தொடர்ந்து கவனித்தார். பாட்டு வகுப்பு, கைவினை வகுப்பு, எழுத்து வகுப்பு எல்லாவற்றிலும் கடைசியில் அதே அளவு நெருக்கம் வந்துவிட்டது. ஆனால் பாட்டு வகுப்பில் மட்டும் அது ஒரு மாதத்திலேயே வந்திருந்தது. ஆட்கள் வந்துபோய்க்கொண்டே இருக்கும் சிறைக்கு இந்த வேகம் முக்கியம்.

எவ்வளவு முக்கியம் என்பதை நார்வே காட்டியது. அங்கே சிறையிசைக்கு நல்ல வேர் உண்டு. ஓஸ்லோவின் பிரெட்வைட் பெண்கள் சிறையில் வென்யா ரூட் நில்சன் என்ற இசைக் கலைஞர் 1991இல் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். ‘சிறையிலும் விடுதலையிலும் இசை’ என்பது அதன் பெயர். உள்ளே இசைக் குழுவில் சேர்ந்தவர்கள் வெளியே போனபிறகும் தொடர்ந்து வாசிக்க இடம் உண்டு என்பதுதான் அதன் உயிர். பெர்கன் நகரில் லார்ஸ் டுவாஸ்டாட் என்ற இசை சிகிச்சையாளர் விடுதலையானவர்களின் ராக் இசைக் குழு ஒன்றைப் பற்றி ஆய்வே எழுதியிருக்கிறார்.

அந்தப் பெர்கன் சிறையில்தான் கிறிஸ்டியன் கோல்ட் குழுவினர் 113 கைதிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு சோதனை தொடங்கினார்கள். சீனச் சோதனையில் பங்கேற்ற அதே கோல்ட். கைதிகள் ஆர்வமாக வந்தார்கள். இசை அறை அவர்களுக்குப் பிடித்திருந்தது. இரண்டு வாரத்தில் அப்போதைய பதற்றம் சற்றுக் குறைந்ததற்கான அறிகுறியும் தெரிந்தது. ஆனால் நீண்ட காலப் பலனை அளக்கலாம் என்று போனபோது அளக்க ஆள் இல்லை. தண்டனைக் காலம் குறுகியதாக இருந்ததால் பலர் விடுதலையாகிப் போய்விட்டார்கள். இருந்தவர்களிலும் பலருக்குத் தொடக்கத்திலேயே பெரிய மனத்தொல்லை இல்லை. நோயாளி வீட்டுக்குப் போய்விட்டதால் மருந்தின் பலனைச் சொல்ல முடியாமல் போன இந்தக் கதையை 2014இல் வெளிப்படையாகவே எழுதி வெளியிட்டார்கள். தோற்ற சோதனையை மறைக்காமல் எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்கும். இங்கே தோல்வி என்றும் சொல்ல முடியாது, கைதிகள் சீக்கிரம் வீடு திரும்புவது யாருக்கும் நஷ்டமில்லை.

இப்படி நடந்த சோதனைகளில் தகுதியான ஐந்தைச் சேர்த்து சென்னும் கோல்டும் வேறு மூவரும் 2016இல் தொகுப்பாய்வு செய்தார்கள். தன்மதிப்பும் பிறரோடு பழகும் திறனும் மேம்படுகின்றன என்பது உறுதியானது. பதற்றமும் மனச்சோர்வும் குறைவது அமர்வுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. அமர்வுகள் இருபதை எட்டிய இடங்களில் பலன் பெரிது. சிறைக்குள் ஒழுங்காக நடந்துகொள்வதில் மாற்றம் என்று சொல்லும்படி எதுவும் தெரியவில்லை.

கடைசி வாக்கியத்தை அடிக்கோடிட வேண்டும். இசை கற்றவன் மறுபடி குற்றம் செய்யமாட்டான் என்று மேடையில் முழங்குபவர்களுக்கு இந்தத் தொகுப்பாய்வில் சான்று கிடைக்காது. சீனச் சோதனை அதை அளக்கவே இல்லை. இன்னொரு பலவீனமும் உண்டு. மாத்திரைச் சோதனையில் பொய் மாத்திரை கொடுக்கலாம், பொய் மேளம் கொடுக்க முடியாது. தனக்கு இசை சிகிச்சை கிடைக்கிறது என்று கைதிக்குத் தெரியும், வினாத்தாளை நிரப்புபவரும் அவரே. அந்த அறைக்கு வந்து பரிவோடு பேசும் ஒரு மனிதர் சதுரங்கம் சொல்லித் தந்திருந்தால் எவ்வளவு பலன் இருந்திருக்கும் என்பதையும் வழக்கமான கவனிப்போடு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க முடியாது. அமர்வுகள் கூடக்கூடப் பலன் பெரிதாகத் தெரிவதால், வெறும் பரிவுக்கு மேல் ஏதோ நடக்கிறது என்று நான் நினைக்கிறேன். அது என் கணிப்பு, நிரூபணம் அல்ல.

இசைக்கு இயல்பிலேயே கருணை உண்டு என்று நம்புகிறவர்கள் ஔஷ்விட்ஸை நினைத்துக்கொள்ள வேண்டும். அந்த நாஜி வதைமுகாமில் 1943இல் பெண் கைதிகளைக் கொண்டு ஓர் இசைக் குழு அமைத்தார்கள். வியன்னாவைச் சேர்ந்த வயலின் கலைஞர் அல்மா ரோசே அதற்குத் தலைமை ஏற்றார். கைதிகள் காலையில் வேலைக்கு அணிவகுத்துப் போகும்போதும் மாலையில் திரும்பும்போதும் அந்தக் குழு அணிநடை இசை வாசிக்க வேண்டும். நடப்பவர்களின் கால்கள் தாளத்துக்கு ஒத்துப்போனால் எண்ணுவதற்கு வசதி. நம் காலத்தில் குவாண்டனாமோவில் கைதிகளைத் தூங்கவிடாமல் உடைக்க உரத்த இசை பயன்பட்டது. இரண்டு இடத்திலும் தாளம் இருந்தது. மணியைப் போல ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்த தாளம். கேட்பவன் அதை நிறுத்தவும் முடியாது, மெதுவாக்கவும் முடியாது, அதற்குப் பதில் வாசிக்கவும் முடியாது. கொன்வாலிங்காவின் சோதனையில் இருவரும் ஒருவரையொருவர் திருத்திக்கொண்டார்களே, அது இங்கே கிடையாது. சிகிச்சைக்கும் சித்திரவதைக்கும் இடையே இருக்கும் கோடு எந்தப் பாட்டு என்பதில் இல்லை, கொட்டு யார் கையில் என்பதில் இருக்கிறது. சிறைக்கு ஒலிபெருக்கி வாங்கித் தருவது இசை சிகிச்சை ஆகாது என்பதற்கும் இதுவே காரணம்.

நம் நாட்டில் இதற்கு அருகில் வரும் முயற்சி கொல்கத்தாவில் நடந்தது. நடனக் கலைஞர் அலோகானந்தா ராய் அங்குள்ள பிரெசிடென்சி சிறையில் 2007 வாக்கில் கைதிகளுக்கு நடனம் கற்பிக்கத் தொடங்கி, தாகூர் 1881இல் எழுதிய ‘வால்மீகி பிரதிபா’ என்ற இசை நாடகத்தை அவர்களைக் கொண்டே மேடையேற்றினார். கொள்ளைக்காரன் கவிஞனாகும் கதை. வால்மீகியாக நடித்தவர் விடுதலைக்குப் பிறகு வங்கத் திரைப்பட நடிகரானார். இது நடனமும் நாடகமும் கலந்த கலைப்பணி, குலுக்கல் போட்டு அளந்த சிகிச்சை அல்ல. ஆனால் மாதக்கணக்கில் தொடர்ந்து நடந்தது, கைதிகளே ஆடினார்கள், கைதிகளே பாடினார்கள்.

இந்தியச் சிறைகளில் 2022ஆம் ஆண்டின் முடிவில் 5,73,220 பேர் இருந்தார்கள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். கொள்ளளவு 4,36,266. உள்ளே இருப்பவர்களில் நால்வருக்கு மூவர் விசாரணைக் கைதிகள், இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர்கள். எப்போது ஜாமீன் கிடைக்கும், எத்தனை வருஷம் ஆகும் என்று அவர்களுக்கும் தெரியாது, சிறைக்கும் தெரியாது. பெர்கனில் சந்தித்த சிக்கல் இங்கே இன்னும் பெரிதாக வரும். அதற்கு வழி இருக்கிறது. முதல் சில அமர்வுகளிலேயே முழுமை உள்ள ஏதாவது ஒன்றை முடிக்கும்படி திட்டமிடலாம். நீண்ட தண்டனைக்காரர்களுக்கு இருபது அமர்வுகளின் முழுத் தொடரை வைக்கலாம். வெளியே போகிறவர்களுக்கு நார்வேயைப் போல ஊரிலேயே ஒரு வாசிப்பறையைத் திறந்துவைக்கலாம்.

சுதந்திர தினத்துக்கும் காந்தி ஜெயந்திக்கும் சிறைக்குள் ஒரு மேடைக் கச்சேரி வைத்துவிட்டுச் சீர்திருத்தம் செய்துவிட்டதாக எண்ணிக்கொள்வதால் யாருடைய மனச்சோர்வும் குறையாது. அன்று கைதிகள் பார்வையாளர்கள்தான். தமிழ்நாட்டின் மத்திய சிறைகளில் ஏதாவது ஒன்றில், பயிற்சி பெற்ற ஒரு சிகிச்சையாளர், சில பறையும் கஞ்சிராவும், இருபது அமர்வுகள், முன்னும் பின்னும் அளந்து முடிவு எதுவானாலும் வெளியிடும் ஓர் ஆய்வுக் குழு என்று தொடங்கலாம். அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் சிறைகள் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. தில்லியைக் கேட்க வேண்டியதில்லை.